இடுக்கிப்பூச்சியும் ஒரு மழைக்காலமும்: மருந்தடிக்கும் முன் வாலைப் பாருங்கள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்களை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்த முதல் மழைக்காலத்தில் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். கேட்டால் சின்னப் பூச்சி விஷயம்தான். ஆனால் அதில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனது, ஐந்தாவது படிக்கும் என் மகள் கழுத்தில் கொப்புளத்தோடு இரவெல்லாம் அழுதாள், நான் தூக்கம் கெட்டு அலைந்தேன். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்தால் திங்கள் விடியக் கிளம்பிவிடுவார். வீட்டில் நான், மகள், அத்தை மூன்று பேர்தான். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். “முதலில் அந்தப் பூச்சி எது என்று பாரம்மா, அதன் வாலைப் பார்” என்று ஒருவர் சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டு வேலை முடிந்ததும் தோட்டம் போட்டுக் கொடுத்தவர், சுவரை ஒட்டி நாலு பக்கமும் தேங்காய் மட்டையையும் நார்க்கழிவையும் அரை அடி உயரத்துக்குப் பரப்பிவிட்டுப் போனார். “ஈரம் காயாதுங்க, தண்ணி பாதி மிச்சமாகும்” என்றார். செடிக்கு அது நல்லதுதான். ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டுக்குள் பூச்சி தெரிய ஆரம்பித்தது. குளியலறை மூலையில், வாசல் மிதியடிக்குக் கீழே, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்த ஈரத்துணிக்குள். விளக்கைப் போட்டால் சரசரவென்று இடுக்கைத் தேடி ஓடும். கரும்பழுப்பு நிறம், தட்டையான நீள உடம்பு, முக்கால் அங்குலம் இருக்கும். வால் பக்கம் குறடு மாதிரி இரண்டு கொடுக்கு. துடைப்பத்தால் தள்ளினால் வாலைத் தேள் போலத் தூக்கிக் காட்டும். பார்ப்பவர்கள் தேள் குஞ்சு என்று நினைத்துக் கத்துவதில் ஆச்சரியமே இல்லை. ஆங்கிலத்தில் இயர்விக் என்கிறார்கள். நான் இங்கே இடுக்கிப்பூச்சி என்றே எழுதுகிறேன்.

அத்தை பார்த்ததுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “காதுக்குள்ள பூந்து மூளையத் தின்னுபோடும் கண்ணு, காத அடைச்சுட்டுப் படு” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, தலையோடு போர்வை போர்த்தித்தான் படுத்தாள். ராத்திரி பாத்ரூம் போக மாட்டேன் என்று அடக்கிவைத்துக்கொள்வாள். எனக்கும் பயம்தான். தூக்கத்தில் காதோரம் முடி அசைந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன், இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் அது உண்மை இல்லை. இந்தப் பூச்சிக்கு மனிதக் காதைத் தேடிப் போகும் பழக்கம் கிடையாது. காதுக்குள் போனாலும் செவிப்பறையைத் தாண்டி மூளைக்குப் போக வழி இல்லை. அதன் இடுக்கியில் விஷமும் கிடையாது. கையில் எடுத்து அழுத்தினால் ஒரு கிள்ளு கிள்ளும், அவ்வளவுதான்.

காதில் பூச்சி போவது என்பது வேறு விஷயம், அது நடக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் அது கரப்பானாக இருக்கும். யாருக்காவது அப்படிப் போனால் ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள், பூச்சி இன்னும் ஆழமாகப் போகும், செவிப்பறையும் கிழியலாம். காதில் சீழ் வடிந்தவர், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், காதில் குழாய் வைத்தவர் இல்லை என்றால், தலையைச் சாய்த்து இளம் சூட்டில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விடலாம். பூச்சி அடங்கியதும் காது மருத்துவரிடம் போய் எடுத்துவிட வேண்டும். வீட்டிலேயே நோண்டி எடுக்கப் பார்க்கக் கூடாது.

பயம் தாங்காமல் மருந்தடிக்கிற ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். வந்தவர் பூச்சியைப் பார்க்கவே இல்லை. “எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் மேடம், ஒரு வருஷ கான்ட்ராக்ட் போட்டுக்குங்க” என்றார். 6,500 ரூபாய். குழந்தை பயத்தில் ராத்திரி எழுந்து அழுகிறாள், நான் பேரம் பேசும் நிலையில் இல்லை. அறை மூலைகள், கட்டிலுக்கு அடி, சமையலறை அலமாரிக் கீழ்த்தட்டு, வாசல் படி, அவரைப் பந்தல் வரைக்கும் அடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போகலாம் என்றார். போனால் கண் எரிந்தது, அத்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரிதான் கொடுமை. சாக்கடைக் குழாய், கதவு நிலை இடுக்கு, ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே இருந்த விரிசல் எல்லாவற்றிலிருந்தும் பூச்சிகள் வெளியே வந்து கூடத்தில் புரண்டன. அவ்வளவு பூச்சி நம் சுவருக்குள் இருந்ததா என்று உடம்பு கூசிப் போய், விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் தெரிந்துகொண்டேன், இப்படி அடிக்கும் பைரத்ராய்டு வகை மருந்துகள் முதலில் பூச்சியின் நரம்பைத் தூண்டிவிடும், அதனால் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே ஓடி வரும். அது தெரிந்திருந்தால் அந்த ராத்திரி அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். செத்ததைக் கூட்டி அள்ளிய பிறகு ஒரு வாரம் நிம்மதி. அடுத்த மழை பெய்ததும் மறுபடி அதே குளியலறை மூலை, அதே பூச்சி. போன் செய்தேன், இன்னொரு முறை வந்து அடித்தார்கள், மறுபடி அதே கதை. சுவரை ஒட்டி அரை அடிக்கு ஈர மட்டை கிடக்கிறது. உள்ளே சாகச் சாக வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்ல அந்த கம்பெனியில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. இன்னொரு நஷ்டம் பந்தலில். மருந்தடித்துக் கொஞ்ச நாளில் அவரைக் கொழுந்து, பூங்கொத்து எல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கருப்பாக அப்பிக்கொண்டது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் மற்ற பூச்சிகளும் அந்த மருந்தில் போய்விட்டிருந்தன. அவற்றில் இந்த இடுக்கிப்பூச்சியும் ஒன்று. அந்த வருஷம் அவரைக்காய் சந்தையில்தான் வாங்கினோம்.

இதற்கு நடுவில்தான் மகளுக்குக் கொப்புளம் வந்தது. பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்த வாரம். ஜன்னலோரம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே பாய் போட்டுத் தூங்கியிருந்தாள். மறுநாள் சாயங்காலம் கழுத்தில் எரிகிறது என்றாள். பார்த்தால் கோடு இழுத்தது போலச் சிவந்திருந்தது. அதற்கு மறுநாள் அந்தக் கோடு முழுக்க நீர்க்கொப்புளம், நடுவில் மஞ்சளாகச் சீழ் மாதிரி. முழங்கை மடிப்பிலும் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிரே அதே போல. “அந்தக் கொடுக்குப் பூச்சிதான் கடிச்சிருக்குது” என்று நான் நினைக்க, அத்தை “இது அக்கி சாமி, அக்கி எழுதோணும்” என்றார். மண்பாண்டம் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கூட்டிப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொண்டு வந்தோம். குளிர்ச்சிக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருந்தது, அப்புறம் எரிச்சல் கூடியது. ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கேயும் அக்கி என்றே சொல்லி, வைரஸுக்கான மாத்திரை, ஊசி, ரத்தப் பரிசோதனை என்று கிட்டத்தட்ட 4,000 ரூபாய் ஆனது. அவள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அவர் குரலைக் கேட்டாலே எனக்கு அழுகை வந்துவிடும், அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

ஈரோட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போனபோதுதான் விடிவு வந்தது. கழுத்தைப் பார்த்துவிட்டு, “லைட்டுக்குக் கீழ படுத்திருந்தாளா? பக்கத்துல நெல் வயல் இருக்குதா?” என்று கேட்டார். இது அக்கியும் இல்லை, பூச்சிக் கடியும் இல்லை. ரோவ் வண்டு என்று ஒன்று, ஆசிட் பூச்சி என்றும் சொல்கிறார்கள். அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. உடம்பில் ஊரும்போது நாம் தட்டி நசுக்கினால் அதன் உடம்புச் சாறு தோலில் படுகிறது. அந்தச் சாற்றில் பெடெரின் என்ற நச்சு இருக்கிறது. பட்ட உடனே ஒன்றும் தெரியாது, ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் எரிச்சலும் கொப்புளமும் வரும். நசுக்கி இழுத்த வாக்கில் கோடாக வரும். மடிப்பில் பட்டால் எதிர்ப் பக்கத் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். அவர் எழுதிக் கொடுத்தது ஒரு களிம்பு, குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், சொறியக் கூடாது என்ற எச்சரிக்கை, இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் ஆறியது, கருப்புத் தழும்பு மறைய இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆக, நாங்கள் 6,500 கொடுத்து விரட்டிய பூச்சி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. குழந்தையைப் படுத்திய பூச்சி வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கஷ்டத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உபகாரம். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒரு அட்டையைச் சொருகி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இடுக்கிப்பூச்சி என்றால் வாலில் இரண்டு கொடுக்கும் தெளிவாகத் தெரியும். ஆணுக்கு அது வளைந்திருக்கும், பெண்ணுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். எங்கள் வீட்டில் வந்தவற்றுக்கு இறக்கையே இல்லை, கால்கள் வெளிறி நடுவில் கருவளையம் இருந்தது. இறக்கை உள்ள வகைகளும் உண்டு, முதுகில் சின்ன மூடிக்குக் கீழே மடித்து வைத்திருக்கும். ரோவ் வண்டு அதைவிடச் சிறியது, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தலை கருப்பு, கழுத்துப் பகுதி ஆரஞ்சு, நடுவில் நீலமோ பச்சையோ மின்னும் குட்டை மூடி, அப்புறம் மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கருப்பு. வாலில் இடுக்கி இருக்காது. அதுவும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும், அதனால்தான் அவசரத்தில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும்.

ரோவ் வண்டு மேலே ஏறினால் அடிக்காதீர்கள். வாயால் ஊதுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு உதறுங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணருகே பட்டிருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அறுப்புக் காலத்தில் வயலோர வீட்டுக்காரர்கள் சாயங்காலம் ஜன்னலுக்கு வலை போடுவதும், வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்குப் போடுவதும், விளக்குக்கு நேர் கீழே படுக்காமல் இருப்பதும், படுக்கையை உதறிப் போடுவதும் போதும். அது வயலில் புகையான் என்ற நெற்பயிர்ப் பூச்சியைத் தின்னும், நெல் போடுகிறவர்களுக்கு வேண்டியது. வயலுக்குப் போய் அதை அழிக்க நினைப்பது வீண்.

சரி, இடுக்கிப்பூச்சிக்கு என்ன செய்தோம்? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “அம்மிணி, செவுத்த ஒட்டி இப்படி மட்டயப் போட்டு வெச்சா பூச்சி வராம என்னாகும்? மொதல்ல இத அள்ளுங்” என்றார். மட்டையைப் புரட்டியபோது கீழே ஈர மண்ணில் சின்னக் குழி. அதில் வெள்ளை வெள்ளையாக, கசகசாவை விடக் கொஞ்சம் பெரிய முட்டைகள் குவிந்திருந்தன. அவற்றின் மேல் ஒரு தாய்ப்பூச்சி படுத்திருந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. இடுக்கியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு முட்டையை வாயால் கவ்வி ஈரமான பக்கத்துக்கு நகர்த்தியது. பூச்சியினத்தில் இப்படி முட்டையைக் காவல் காப்பது அபூர்வம். பூஞ்சை பிடிக்காமல் முட்டைகளை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்குமாம், ஒரு தடவைக்கு 30 முதல் 50 வரை இடும். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுச் சுவரோரம் முழுக்க இப்படிக் குழி குழியாக இருந்தால் உள்ளே எத்தனை முறை மருந்தடித்தால்தான் என்ன?

ஆள் வைத்து மட்டை, நார்க்கழிவு எல்லாவற்றையும் அள்ளித் தென்னை மரப் பாத்திகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். அங்கே அது கிடந்தால் நல்லது, ஈரமும் நிற்கும். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணைக் காயவிட்டு முக்கால் அங்குல ஜல்லி கொட்டினோம். பெரியவர் வீட்டுக் கோழிகளை இரண்டு மூன்று நாள் திறந்துவிட்டோம், அவை கிளறிக் கிளறிப் பொறுக்கித் தின்றன. ஒன்று கவனியுங்கள், மருந்து அடித்த இடத்தில் கோழியை விடக் கூடாது. கடைசியாக அடித்து வெகு நாள் ஆகி, நல்ல மழையும் பெய்த பிறகுதான் நாங்கள் விட்டோம். இந்த வேலை எல்லாவற்றுக்கும் ஜல்லி, ஆள் கூலி சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. உள்ளே வருவது ஒரு வாரத்திலேயே கண்கூடாகக் குறைந்தது.

மீதி எல்லாம் சின்னச் சின்ன வேலை. வாசல் கதவுக்கும் பின் கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை அடித்தோம். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை ஜாலிக்கு மேல் நைலான் வலை வைத்தோம். தொட்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை பிளம்பரை வைத்துச் சரிசெய்தோம், கதவு நிலை விரிசலை ஒயிட் சிமென்ட்டால் அடைத்தோம். செடிக்குச் சாயங்காலம் விட்ட தண்ணீரைக் காலைக்கு மாற்றினேன், ராத்திரிக்குள் மேல் மண் காய்ந்துவிடும். பூந்தொட்டிகளை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் துண்டு மேல் தூக்கி வைத்தேன். அப்படியும் வருவதைப் பிடிக்க, பழைய செய்தித்தாளை நனைத்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, பொழுது சாய்ந்ததும் செடியோரம் வைப்பேன். மூங்கில் துண்டு, பழைய ஹோஸ் துண்டு எதுவானாலும் சரி. பூச்சிக்கு உடம்பு இரண்டு பக்கமும் உரசுகிற இடுக்குதான் பிடிக்கும். விடிந்ததும் சோப்புத் தண்ணீர் வாளியில் உதறினால் வேலை முடிந்தது. தரை மட்டத்துக்கு ஒரு டப்பாவைப் புதைத்து, அரை அங்குலம் பழைய சமையல் எண்ணெய் விட்டு, துளி கருவாட்டைப் போட்டு வைப்பதும் நன்றாகப் பிடிக்கிறது. நாய், பூனை இருந்தால் மேலே கம்பி வலை போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் ஒன்றிரண்டு வந்தால் முறத்தில் தள்ளி வெளியே போட்டுவிடுகிறேன், மருந்து கிடையாது.

தோட்டத்தில் நாற்று கடிபட்டிருந்தால் எடுத்த எடுப்பில் இதன் தலையில் பழியைப் போட வேண்டாம். ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள், தின்பவன் கையும் களவுமாக மாட்டுவான். எங்கள் கத்தரி நாற்றைத் தின்றது நத்தை. காலையில் இலை மேல் வெள்ளிக் கோடு மாதிரிப் பளபளப்பு இருந்தால் அது நத்தைதான். தண்டு தரையோடு வெட்டுப்பட்டுக் கிடந்தால் மண்ணைக் கிளறுங்கள், வெட்டுப்புழு சுருண்டு கிடக்கும். இளம் இலையிலும் செவ்வந்தி, ரோஜா இதழிலும் ஓரம் கிழிந்த மாதிரி ஓட்டைகள் இருந்து, டார்ச் அடித்ததும் பூவுக்குள் ஓடி ஒளிந்தால் அப்போது இடுக்கிப்பூச்சிதான். அதற்கும் மேலே சொன்ன காகிதச் சுருள் போதும். நாற்று நாலைந்து இலை விட்டுத் தேறிவிட்டால் பிறகு பெரிய சேதம் இல்லை. அசுவினி, புழு முட்டை, மக்கின குப்பை எல்லாம் தின்பதால் வளர்ந்த செடிகளிடம் அது இருப்பதே எனக்கு இப்போது தெம்பாக இருக்கிறது. அடுத்த வருஷம் பந்தலில் மருந்து படவிடவில்லை, அவரை நன்றாகவே காய்த்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம், அது கடலைக்காட்டில். கீழ்பவானி வாய்க்காலில் புஞ்சைக்குத் தண்ணீர் விடும் பருவத்தில் கடலைக்காய் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. இடுக்கிப்பூச்சி இனத்தில் ஒரு வகை மண்ணுக்குள் இளங்காயைத் துளைத்துப் பருப்பைத் தின்னும். துளையில் மண்ணும் அதன் எச்சமும் அடைத்திருக்கும். மேலே செடி பச்சையாகவே நிற்பதால் பிடுங்கும் வரை தெரியாது. காய் பிடிக்கிற சமயத்தில் அங்கங்கே ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். துளை தென்பட்டால் காயோடு வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வீட்டில் மருந்தடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வருகிற ஆளிடம் டம்ளரில் பிடித்த பூச்சியைக் காட்டுங்கள். இது எந்தப் பூச்சி, என்ன மருந்து, எந்த இடத்தில் அடிப்பீர்கள், குழந்தைகளும் வயசானவர்களும் எப்போது உள்ளே வரலாம் என்று கேளுங்கள். மருந்து டப்பாவில் ஒரு நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. அந்த லேபிளைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட உதவும். டப்பாவைக் காட்ட மாட்டேன் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.